டிசம்பர் விடுமுறையில் பள்ளி, வீடு, ஊர்: தோட்டப்புறத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு

மலேசியாவில் கோடை விடுமுறை என்று தனியாக எதுவும் கிடையாது. இங்கே வருஷம் முழுக்க வெயில், வருஷம் முழுக்க மழை. நமக்கு நீண்ட விடுமுறை என்றால் ஆண்டிறுதி விடுமுறைதான். கோவிட் நேரத்தில் தடம் மாறி மார்ச் மாதத்துக்குப் போன பள்ளி ஆண்டு, 2025இல் பிப்ரவரிக்கு நகர்ந்து, 2026இல் பழையபடி ஜனவரிக்கே வந்துவிட்டது. அதனால் டிசம்பர் மறுபடியும் ஆசிரியர்களின் மாதமாகிவிட்டது.

சுங்கை சிப்புட், பீடோர், பாடாங் செராய் போல ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர்களுக்கு முதல் பணியிடமாகவோ மாற்றலாகியோ வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது சுங்கை சிப்புட் பக்கம், ஈப்போவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வீட்டில் இரண்டு பிள்ளைகள், செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் கணவர், பக்கத்துத் தோட்டத்தில் மாமியார்.

நகரத்துப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே பள்ளிக் கேட்டைத் தாண்டிவிட்டால் நீங்கள் யாரோ ஒருவர். இங்கே பசார் மாலாமில் கீரை வாங்கும்போதும் டீச்சர்தான், கோயில் வரிசையில் நிற்கும்போதும் டீச்சர்தான், எண்ணெய் நிலையத்தில் டயருக்குக் காற்று அடிக்கும்போதும் டீச்சர்தான். வேலை, குடும்பம் என்று இரண்டை மட்டும் கணக்குப் போட்டு விடுமுறையைத் தொடங்குகிறவர்கள் டிசம்பர் பாதியிலேயே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதாக ஊர் என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் சேர்த்துத் திட்டம் போட்டால்தான் மற்ற இரண்டும் ஒழுங்காக நடக்கும்.

படி 1: நவம்பரிலேயே பள்ளிக் கணக்கை முடியுங்கள்

விடுமுறைக்குள் பள்ளி வேலை நுழைவதற்குப் பெரும்பாலும் நவம்பரில் முடிக்காமல் விட்டதுதான் காரணம். வகுப்புசார் மதிப்பீட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்றிலிருந்து ஆறு வரை அடைவுநிலையைப் பதிவு செய்ய வேண்டும். மேல் ஆண்டு மாணவர்களின் உவாசா, அதாவது ஆண்டிறுதித் தேர்வுத் தாள் திருத்த வேண்டும். அறிக்கையை அச்சடித்துக் கையொப்பம் வாங்கிப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். இவை எல்லாருக்கும் தெரிந்தவை, எப்படியும் முடிந்துவிடும்.

இழுத்தடிப்பது பாடநூல் இரவல் திட்டப் புத்தகங்கள். ஒரு பிள்ளையின் கணிதப் புத்தகம் பாட்டி வீட்டில் இருக்கும். இன்னொரு பிள்ளையுடையது மழையில் நனைந்து உப்பிப்போய், அட்டை தனியாக, உள்ளே இருப்பது தனியாக வரும். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது. உவாசா முடிந்த கையோடு வாங்க ஆரம்பியுங்கள். வராத புத்தகத்துக்கு வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பொதுவாகச் செய்தி போடுவதால் ஒன்றும் நடப்பதில்லை. அந்தந்த அம்மாவுக்குத் தனியாக அழைத்துப் பேசுங்கள், இரண்டு நாளில் வந்துவிடும்.

எவ்வளவு முடித்தாலும் கொஞ்சம் வேலை வீட்டுக்கு வரத்தான் செய்யும். புதிய ஆண்டுக்கான ஆண்டுப் பாடத்திட்டம், வகுப்பறை அலங்காரம், பொறுப்பேற்றிருக்கும் மன்றத்தின் கோப்பு என்று ஏதாவது இருக்கும். அத்தனையையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். பையில் இருப்பதுதான் விடுமுறை வேலை. 2027இல் புதிய கலைத்திட்டம் தொடங்குவதால் அது சம்பந்தமான பயிற்சிக் குறிப்புகளும் சேரும். அதற்கும் அதே பைதான்.

படி 2: தலைமையாசிரியரிடம் தேதிகளைக் கேட்டு வாங்குங்கள்

மற்ற அரசு ஊழியர்களைப் போல நமக்கு ஆண்டு விடுப்பு இல்லை. பள்ளி விடுமுறைதான் அதற்கு ஈடு. ஆனால் அந்த விடுமுறையில் பள்ளிக்கு வரச் சொல்லித் தலைமையாசிரியர் கூப்பிடலாம். கடமை அட்டவணை, கால அட்டவணைக் குழு, பயிற்சிப் பட்டறை, வகுப்பறைக்குச் சாயம் அடிக்கும் கோத்தோங் ரோயோங் என்று காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். இடைநிலைப்பள்ளி ஆசிரியர் என்றால் எஸ்.பி.எம். தேர்வுக் கண்காணிப்பு வேறு.

இதைப் பற்றிப் புலம்பிப் பயனில்லை. விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்னாலேயே நேரில் போய்க் கேளுங்கள்: "ஐயா, டிசம்பர்ல நான் எந்தெந்த நாள் வரணும்? இப்பவே தெரிஞ்சா வீட்ல ஏற்பாடு பண்ணிக்குவேன்." பெரும்பாலான தலைமையாசிரியர்கள் இப்படிக் கேட்பதை விரும்புகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் ஆள் கிடைப்பது உறுதியாகிறது. அட்டவணை இன்னும் போடவில்லை என்றால் உங்களுக்கு வசதியான நாட்களை நீங்களே சொல்லிவிடலாம். விடுமுறையின் முதல் வாரத்தைக் கேட்டு வாங்குவதுதான் என் பழக்கம். உடம்பு இன்னும் பள்ளி ஓட்டத்தில் இருக்கும்போதே அந்த வேலை முடிந்துவிடும், நடுவில் இரண்டு வாரம் முழுசாகக் கையில் இருக்கும்.

வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். சொந்தப் பயணம் என்றாலும் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டுப் படிவம் தேடுவது தேவையில்லாத பதற்றம்.

படி 3: ஒரு நாட்காட்டி, சமையலறையில்

கைப்பேசி நாட்காட்டி உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டுமென்றால் சுவரில் மாட்ட வேண்டும். மளிகைக் கடைகளில் கிடைக்கும் குதிரைக் காலண்டர் இதற்குத் தோதானது. ஒவ்வொரு நாளுக்கும் பெரிய கட்டம், பொது விடுமுறை, பள்ளி விடுமுறை எல்லாம் அதிலேயே குறித்திருக்கும். குதிரைப் பந்தய நாளும் இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

மூன்று நிறப் பேனா போதும். சிவப்பு பள்ளிக்கு, நீலம் வீட்டுக்கு, பச்சை ஊருக்கு. கணவரோ மனைவியோ ஷிப்டு வேலை பார்த்தால் அவருடைய இரவு ஷிப்டு நாட்களைப் பென்சிலால் மூலையில் குறித்துவிடுங்கள். இரவு வேலை முடித்து வந்து தூங்குகிற மனிதரை எழுப்பி, "பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்கு ஓடும் நிலை வராமல் இருக்க அந்தப் பென்சில் குறி உதவும்.

துணைவர் வேலை செய்வது கெடா, கிளந்தான், திரெங்கானு பக்கம் என்றால் அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறந்துவிட வேண்டாம். பள்ளி விடுமுறையும் அந்த மாநிலங்களில் ஒரு நாள் முன்னதாகத் தொடங்கும். சுங்கைப் பட்டாணியில் கணவரும் பேராக்கில் மனைவியுமாக இருக்கும் குடும்பங்களுக்கு அந்த ஒரு நாள் பெரிய நாள்.

படி 4: துணைவரோடு உட்கார்ந்து பேசுங்கள், செப்டம்பரிலேயே

தனியார் துறையில் இருப்பவருக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கொடுக்கும் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு இதுதான்: இரண்டு ஆண்டுக்குள் என்றால் 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். தீபாவளிக்கு மூன்று நாள், ஊர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள், சாவு வீட்டுக்கு ஒரு நாள் என்று கழித்தால் டிசம்பருக்கு என்ன மிஞ்சும்? அதனால்தான் செப்டம்பர் என்கிறேன். மிச்சம் இருப்பதை அப்போதே எண்ணிப் பார்த்து, எந்த இரண்டு மூன்று நாளுக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கண்டிப்பாகக் கிடைக்கும் என்று இல்லை. ஆலையில் எந்திரத்தின் பக்கத்தில் நிற்க வேண்டியவருக்கு வீட்டிலிருந்து வேலை என்பது நடக்காத காரியம். ஆனால் இரண்டு வாரத்துக்குக் காலை ஷிப்டு மட்டும் என்று கேட்கலாம். 60 நாள் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள், செப்டம்பர் என்பது சரியாக வரும்.

இதைவிடக் கடினமான பேச்சு ஒன்று பாக்கி. "டீச்சருக்கு லீவு" என்றதும் அதுவரை இருவரும் பகிர்ந்து செய்த வீட்டு வேலை சத்தமில்லாமல் ஒருவர் தலையில் வந்து உட்கார்ந்துவிடும். பள்ளி நாட்களில் பாத்திரம் கழுவியவர் டிசம்பரில் கழுவ மாட்டார். துணி மடித்தவர் மடிக்க மாட்டார். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, அப்படியே நழுவிவிடும். எங்கள் வீட்டில் இதற்குக் கண்ட வழி எளிமையானது. பள்ளி நாட்களில் யார் என்ன செய்தாரோ அதே பட்டியல் விடுமுறையிலும் தொடரும். கூடுதலாக வருகிற வேலை, அதாவது பெரிய துப்புரவு, விருந்தாளி, பிள்ளைகளின் மதியச் சாப்பாடு ஆகியவற்றை மட்டும் புதிதாகப் பிரிப்போம். மதியச் சாப்பாட்டை நான் எடுத்துக்கொண்டால் இரவுச் சாப்பாட்டை அவர் பார்த்துக்கொள்வார். அவர் சமைப்பதும் உண்டு, தாப்பாவ் வாங்கி வருவதும் உண்டு. எப்படி என்று நான் கேட்பதில்லை.

ஆண் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். மனைவி கிளினிக்கிலோ கடையிலோ வேலைக்குப் போக, நீங்கள் வீட்டில் இருக்கும் டிசம்பர் என்றால் காலை உணவிலிருந்து டயப்பர் வரை உங்கள் பொறுப்பு. அதை "உதவி" என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

படி 5: "உனக்குத்தான் லீவாச்சே"

இந்த வாக்கியம் நவம்பர் கடைசியில் தொலைபேசியில் வரும். அண்ணி சொல்வார், சித்தி சொல்வார், கோலாலம்பூரில் இருக்கும் தம்பி மனைவி சொல்வார். "உனக்குத்தான் லீவாச்சே, பிள்ளைங்கள ரெண்டு வாரம் அங்க விடட்டுமா? தோட்டக் காத்து வாங்கட்டும்." பிள்ளைகள் வருவது சந்தோஷம்தான். மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் வந்து இறங்கும்போதுதான் தலை சுற்றும்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உறவு கசக்கும். எனக்கு இந்த வேலை இருக்கிறது, அந்தப் பயிற்சி இருக்கிறது என்று விளக்கப் போனால், "அதெல்லாம் லீவுல என்னம்மா வேலை?" என்று பேச்சு வளரும். தேதியை மட்டும் சொல்லுங்கள். "வரட்டும் அண்ணி. பதினாலாம் தேதியிலேருந்து பதினெட்டு வரைக்கும் நான் வீட்லதான் இருக்கேன். பத்தொன்பது காலைல நீங்க வந்து கூட்டிக்கிட்டீங்கன்னா சரியா இருக்கும்." இதில் மறுப்பு இல்லை. அண்ணியும் நாட்காட்டியைப் பார்க்க ஆரம்பிப்பார்.

மாமியார், மாமனார் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறு விதமான சங்கடம் உண்டு. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர்கள் தயார். ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியற்காலையில் அம்மாக்கள் பால் வெட்டப் போகும்போது தொட்டில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், அப்படி வளர்ந்தவர், அப்படிப் பிள்ளைகளை வளர்த்தவர். அவரிடம் தாஸ்காவுக்கு (குழந்தைக் காப்பகத்துக்கு) மாதக் கட்டணம் எவ்வளவு என்று சொன்னால் மயக்கமே வரும். ஆனாலும் எழுபது வயதில் இரண்டு பையன்களின் பின்னால் நாள் முழுக்க ஓட முடியாது. காலை எட்டு முதல் மதியம் ஒன்று வரை அத்தை வீடு, சாப்பாட்டுக்கு நம் வீடு என்று நேரம் வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சுகம். அவர் மருந்து சாப்பிடும் நேரம், டாக்டர் சந்திப்பு நாள் இரண்டையும் நீலப் பேனாவில் எழுதிவிடுங்கள்.

யாரும் கிடைக்காத நாளில் பிள்ளையைத் தனியாக வீட்டில் விட்டுப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. நியாயமான கண்காணிப்பு இல்லாமல் பிள்ளையை விட்டுச் செல்வது 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி குற்றம். அது போக, டிசம்பரில் மத்தியான மழை கொட்டினால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லோங்காங் (வடிகால்) பத்து நிமிஷத்தில் ஆறாகிவிடும். பட்டம் விழுந்தாலும் பந்து விழுந்தாலும் எடுக்க இறங்கக் கூடாது என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

படி 6: ஊருக்கு நேரம் ஒதுக்குங்கள்

புதிதாக வந்தவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

வியாழக்கிழமை பசார் மாலாமில் ஆப்பம் பாலிக் கடை முன்னால் நிற்கிறீர்கள். பக்கத்தில் ஓர் அம்மா வருகிறார். "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று தொடங்கி, கைப்பையிலிருந்து நான்காக மடித்த பழுப்பு உறை ஒன்றை எடுக்கிறார். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருக்கிறது. உள்ளே கடிதம். பெரிய மகனின் முதலாம் படிவப் பதிவு. நேராக முதலாம் படிவமா, புகுமுக வகுப்பா என்று அவருக்குப் புரியவில்லை. கேட்க ஆள் இல்லை. நீங்கள் ஒரு கையில் நெகிழிப் பையும் மறு கையில் பிள்ளையுமாக அந்தத் தெரு விளக்கில் கடிதத்தைப் படிக்கிறீர்கள். அது முடிவதற்குள் இன்னொருவர் எஸ்.டி.ஆர். அரசு உதவித்தொகை விண்ணப்பத்தோடு காத்திருக்கிறார்.

அவர்கள் ஏன் அலுவலகத்துக்குப் போகவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. தோட்டத்தில் காலை இருட்டில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர் வேலை முடிந்து, குளித்து, பஸ் பிடித்து வருவதற்குள் அலுவலகம் மூடும் நேரமாகிவிடும். இப்போது பாதி விஷயம் இணையத்தில்தான். கைப்பேசி இருக்கும், கடவுச்சொல் மறந்திருக்கும். எழுத்துக்காரர் என்று ஊரில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

அதனால் வாரத்தில் ஒரு மாலையை இதற்கென்றே கொடுத்துவிடுங்கள். கோயில் மண்டபமோ பொது மண்டபமோ எதுவாக இருந்தாலும் சரி, வீடு மட்டும் வேண்டாம். வீட்டுக்கு ஒரு முறை வர வைத்தால் ஏழு நாளும் வருவார்கள், தவறாக நினைக்காதீர்கள், நாமும் அப்படித்தான் செய்வோம். புலனக் குழுவில் இப்படிப் போட்டுவிடலாம்: "புதன்கிழமை மாலை 5 முதல் 7 வரை கோயில் மண்டபத்தில் இருப்பேன். விண்ணப்பம், பதிவு, கடிதம் எழுத வேண்டியவர்கள் அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், வங்கிக் கணக்கு எண், மின்சார ரசீது கொண்டுவரவும்." அப்புறம் பசார் மாலாமில் யாராவது உறையை எடுத்தால், "அக்கா, புதன்கிழமை கொண்டாங்க, உட்கார்ந்து பார்ப்போம்" என்று சொன்னால் போதும். அவருக்கும் நிம்மதி, உங்கள் ஆப்பம் பாலிக்கும் ஆறாது.

மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். யாருடைய கடவுச்சொல்லையும் உங்கள் நோட்டில் எழுதி வைக்காதீர்கள். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் குறியீட்டை அவரே தட்டட்டும். பணம் எதுவும் உங்கள் கை வழியாகப் போகக் கூடாது. நல்லது செய்யப் போய் ஊர் வாயில் விழுவது இந்த மூன்றில்தான்.

நீங்கள் தனியாகவும் உட்கார வேண்டாம். டிசம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஆறாம் படிவத்திலிருந்தும் பழைய மாணவர்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். இணைய விண்ணப்பத்தில் அவர்கள் நம்மைவிட வேகம். இரண்டு பேரைப் பிடித்து உட்கார வைத்தால் அடுத்த வருஷம் நீங்கள் இல்லாமலே அது நடக்கும்.

அடுத்து டியூஷன். லீவுதானே, காலையில் இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுங்கள் என்று பெற்றோர் கேட்பார்கள். காசு வாங்கிச் சொல்லிக் கொடுப்பதென்றால் அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1993இன்படி முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். காசு வாங்காமல் சொல்லிக் கொடுப்பது என்றாலும், என் கருத்தில், டிசம்பரில் வேண்டாம். பிள்ளைகளுக்கும் ஓய்வு தேவை.

கோயில் விஷயம் வேறு. டிசம்பர் நடுவில் மார்கழி பிறக்கும். விடியற்காலைத் திருவெம்பாவைக்குப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடச் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் வேண்டும் என்று தலைவர் வந்து நிற்பார். எனக்குப் பிடித்த வேலை என்பதால் ஒத்துக்கொள்வேன், ஆனால் மாதம் முழுக்க இல்லை. பாட்டு சொல்லிக் கொடுப்பது சனிக்கிழமை மாலை மட்டும். விடியற்காலையில் பிள்ளைகளை அழைத்து வருவது பெற்றோர் பொறுப்பு. இதை ஒத்துக்கொள்ளும்போதே சொல்லிவிட வேண்டும், பாதியில் சொன்னால் சாமி காரியத்தில் பின்வாங்கினார் என்று பேர் வரும்.

படி 7: சொந்தப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருக்காதீர்கள்

நம் பிள்ளைகள் பலர் நாம் வேலை செய்யும் பள்ளியிலேயே படிக்கிறார்கள். வருஷம் முழுக்க அம்மாவை டீச்சர் என்று கூப்பிட்டுக் களைத்தவர்கள். விடுமுறையிலும் காலை ஒன்பது மணிக்குப் பயிற்சிப் புத்தகத்தோடு உட்கார வைத்தால் அவர்களுக்கு அம்மா எப்போது கிடைப்பாள்? வாசிக்கப் புத்தகம் கண்ணில் படுகிற இடத்தில் கிடக்கட்டும், அது போதும். வீட்டு வேலையில் ஆளுக்கு ஒன்று கொடுங்கள். என் மூத்தவன் அரிசி கழுவிச் சோற்றுப் பானையில் போடுவான், விரல் வைத்துத் தண்ணீர் அளக்கவும் பழகிவிட்டான். சின்னவள் வாரம் ஒரு முறை பூச்சட்டி, வாளி, குளிர்சாதனத் தண்ணீர்த் தட்டு எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவாள். மழைக்காலத்தில் டெங்கிக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

மழை மத்தியானத்துக்கு மேல்தான் பெரும்பாலும் பிடிக்கும். வெளியே விளையாட்டு, சைக்கிள், பாட்டி வீட்டுக் கோழிக்குத் தீனி எல்லாம் காலையில். பையில் உள்ள பள்ளி வேலையை மழை நேரத்தில், பிள்ளைகள் உள்ளே படம் வரைந்துகொண்டோ சண்டை போட்டுக்கொண்டோ இருக்கும்போது பாருங்கள். ஒன்றரை மணி நேரம் போதும், பையை மூடிவிடலாம்.

பக்கத்தில் ஒரு நாள் பயணம் போவதென்றால் கோலா கங்சார் போய் வாருங்கள். 1877இல் கொண்டுவரப்பட்ட ரப்பர் கன்றுகளில் சிலவற்றை அப்போதைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ அங்கே நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது, வேலி போட்டுப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். எங்கள் அத்தை அந்த மரத்தைப் பார்த்ததும் பெயர்ப்பலகையைப் படிக்கவில்லை, பட்டையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும், பால் பிடிக்கும் மங்கை எங்கே கட்ட வேண்டும், கட்டிப்பால் நாற்றம் கையை விட்டு எத்தனை நாள் போகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பாடநூலில் நடத்தும் ரப்பர் வரலாறு அவர்களுக்கு இப்படி ஏறியதில்லை. திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

தைப்பிங் ஏரிப் பூங்காவும் மிருகக்காட்சிசாலையும் இன்னும் கொஞ்ச தூரம். தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். தூரப் பயணம் என்றால் சுங்கை சிப்புட்டில் ஈ.டி.எஸ். ரயில் ஏறலாம், பள்ளி விடுமுறை டிக்கெட் மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிழக்குக் கரைப் பக்கம் டிசம்பரில் வேண்டாம். அது வெள்ளக் காலம்.

படி 8: டிசம்பர்ச் சம்பளத்தில் ஜனவரியும் இருக்கிறது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிசம்பர்ச் சம்பளம் பண்டிகையை ஒட்டி முன்னதாக வந்துவிட்டால் ஜனவரிச் சம்பளத்துக்கு இடைவெளி நீளும். அந்த இடைவெளியில்தான் சீருடை, காலணி, பள்ளி பஸ், பொங்கல் எல்லாம் வரும். அரசாங்கம் மாணவருக்குக் கொடுக்கும் 150 வெள்ளித் தொடக்க உதவி, வருமானம் பார்க்காமல் எல்லாருக்கும் உண்டு, ஆசிரியர் பிள்ளைக்கும் உண்டு. ஒரு பிள்ளைக்குச் சீருடையும் கறுப்புக் காலணியும் பையும் வாங்கினால் அது கரைந்துவிடும். பயணத்துக்கு எடுத்து வைக்கும் முன் இந்தத் தொகையைத் தனி உறையில் போட்டுவிடுங்கள். சீருடையை டிசம்பர் முதல் வாரத்திலேயே வாங்கினால் அளவு கிடைக்கும். கடைசி வாரத்தில் போனால் பதினோரு வயது அளவில் ஒன்றுமே இருக்காது. காலணி மட்டும் கடைசியில், கால் அதற்குள் வளர்ந்துவிடும்.

படி 9: பள்ளி திறக்கும் வாரம்

தூக்க நேரத்தைப் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே இழுத்துக் கொண்டுவாருங்கள், ஒரே இரவில் மாறாது. பையில் மிச்சம் இருக்கும் வேலையை அந்த வாரத்தின் முதல் இரண்டு நாளில் முடித்துவிட்டுப் பையைப் பள்ளியில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளை முதலாம் ஆண்டில் சேரும் வருஷம் என்றால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பள்ளி திறக்கும் நாளில் ஊரில் எல்லா அம்மாக்களும் ஜன்னலோரம் நின்று தங்கள் பிள்ளையைப் பார்ப்பார்கள். நீங்கள் உங்கள் வகுப்பில் வேறு யாருடைய பிள்ளையின் கண்ணையோ துடைத்துக்கொண்டிருப்பீர்கள். அதே பள்ளி என்றால் இடைவேளையில் எட்டிப் பார்க்கலாம். வேறு பள்ளி என்றால் அதுவும் முடியாது. இதற்கு இரண்டு ஏற்பாடு தேவை. பள்ளி திறப்பதற்கு முன் நடக்கும் அறிமுக நாளுக்கு நீங்களே பிள்ளையைக் கூட்டிப் போங்கள். வகுப்பறை, கழிப்பறை, சிற்றுண்டிச்சாலை, பஸ் நிற்கும் இடம் எல்லாவற்றையும் கைப்பிடித்துக் காட்டிவிடலாம். முதல் நாளுக்குத் துணைவர் விடுப்பு எடுக்க வேண்டும். படி 4இல் மிச்சம் எண்ணச் சொன்ன விடுப்பில் இந்த நாளை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். ஜனவரியில் புதுக் கணக்கு தொடங்கும் நிறுவனம் என்றால் டிசம்பரிலேயே விண்ணப்பம் கொடுத்துவிடச் சொல்லுங்கள், அந்த நாளைக் கேட்டு அங்கே இன்னும் பத்து அப்பாக்கள் நிற்பார்கள்.